தோல் தொழிலும் விஞ்ஞானமும்: அடையாறு தரும் பாடம்

அடையாற்றில், சர்தார் பட்டேல் சாலையில், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. மயிலாப்பூரிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் அங்குச் செல்வது சிறிது நேரப் பேருந்துப் பயணமே. எனினும் அதன் வரலாற்றை நம் இளைஞருள் அறிந்தோர் மிகச் சிலர். அவ்வரலாறு நம் முன்னோரின் உழைப்போடு பிணைந்தது என்பதால் அதனை இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும், தோலை உரிப்பதும், பதனிடுவதும் நம் மக்கள் மீது ஊரார் சுமத்திய தொழில்கள். அத்தொழிலைக் காட்டியே நம்மைத் தீண்டத்தகாதவர் என்றும் ஒதுக்கினர். ஆனால் அத்தொழிலுள் அடங்கிய அறிவு சிறிதன்று. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரை நீக்கி, சதையைச் சீவி, ஆவாரம் பட்டைச் சாற்றில் பல நாள் கிடத்தினால் தோல் அழுகாது. பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தோடு பிணைவதே அதன் காரணம். கல்விச்சாலை வாசலையே மிதிக்க விடப்படாத மக்கள் கையால் கண்ட வேதியியல் இது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் சென்னைக் கலைத் தொழிற்பள்ளியில் குரோம் முறையில் பதனிடும் சோதனைகளை நடத்தினார். கவலை இறைக்கும் தோற்சாலுக்கும் செருப்புக்கும் அத்தோல் பயன்பட்டது. பட்டை முறையில் பல நாள் பிடித்த வேலை, குரோம் உப்பால் மிக விரைவில் முடிந்தது.

ஆராய்ச்சிக்கு அரசே பொருளுதவி செய்ய வேண்டும் என்ற கருத்து அடுத்து வலுப்பெற்றது. ஆற்காடு இராமசாமி முதலியாரின் முயற்சியால் 1941இல் ஆண்டுக்கு 10 இலட்சம் ரூபாய் வீதம் 5 ஆண்டுகளுக்குத் தொழில் ஆராய்ச்சி நிதி ஒதுக்கப்பட்டது. 1942 செப்டம்பர் 26 அன்று விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் உருவாயிற்று. சாந்தி சொரூப் பட்நாகர் அதன் தலைமையை ஏற்றார். அவ்வாண்டு ஜூலையில்தான் அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார் என்பதையும் நினைவிற் கொள்க.

இக்கவுன்சிலின் ஆய்வுக்கூடங்களுள் ஒன்றாக 1948 ஏப்ரல் 24 அன்று அடையாற்று நிலையம் தோன்றியது. குண்டூர் மாவட்டச் சிற்றூரில் பிறந்த டாக்டர் எலவர்த்தி நாயுடம்மா அதன் இயக்குநராகி, ஆய்வின் பயனைத் தொழிற்கூடங்களுக்குக் கொண்டு சேர்த்தார். 1971இல் கவுன்சிலின் தலைமை இயக்குநராகவும் உயர்ந்தார். பச்சைத் தோலை அனுப்பிவந்த நாடு, 1973க்குப் பின் அரசின் கட்டுப்பாடுகளாலும் இத்தகைய ஆய்வின் துணையாலும் பதப்படுத்திய தோலையும் காலணியையும் ஏற்றுமதி செய்யலாயிற்று.

இழிதொழில் என இகழப்பட்டது பட்டப்படிப்பாயிற்று, ஆராய்ச்சியாயிற்று, அந்நியச் செலாவணியாயிற்று. இச்செல்வத்தில் நம் பங்கு யாது? தோல் தொழிற்சாலைகளில் தொட்டி இறங்குவோரும் கழிவு சுமப்போரும் யாவர் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. 2015 சனவரியில் இராணிப்பேட்டையில் தோற்கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் வடநாட்டிலிருந்து பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளர். மொழியும் ஊரும் மாறினும், அடித்தட்டில் நிற்பவன் ஏழையே.

இளைஞர்களே! அடையாற்று மதிலுக்கு உள்ளே நிகழும் ஆராய்ச்சி பொதுப்பணத்தால் நடப்பது. தீப்பெட்டி வாங்கும் கூலியாளும் வரி செலுத்துகிறான். ஆகவே அது நம் பணமும் ஆகும். அறிவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றோர்க்குக் கவுன்சில் தேர்வின் வழியே ஆய்வு உதவித்தொகை வழங்குகிறது. பட்டியல் வகுப்பினர்க்கு வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும், தகுதி மதிப்பெண்ணிற் சலுகையும் உண்டு.

ஆனால் பத்தாம் வகுப்பு முடிந்ததும் கணிதம், வேதியியல் என்றாலே அஞ்சி விலகும் மாணவரைப் பள்ளிகளில் ஆண்டுதோறும் காண்கின்றோம். அவ்விடத்திலேயே ஆய்வுக்கூடத்தின் கதவு அடைபட்டுவிடுகிறது. நம் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், மாலை வகுப்புகளில் இவ்விரு பாடங்களுக்கு முதலிடம் அளிக்க வேண்டுகின்றோம். முன்னோர் கையிலிருந்த அறிவை, மக்கள் ஏட்டிலும் ஆய்விலும் மீட்டெடுப்பாராக.