சப்பாத்துக் கடையில் பிறந்த முகம்

தலைக்கு அளவெடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. இதை நான் தெரிந்துகொண்டது கிழக்கிலங்கையின் மருதமுனையில் ஒரு தையல் கடையில். 2006ஆம் ஆண்டு, நோன்புப் பெருநாளுக்குத் தைக்கக் கொடுத்த துணிகள் கடை முட்டக் கிடந்த நேரம். ஒரு ரெஸ்லிங் காட்டை நீட்டி, "இதே மாதிரி எனக்கொண்டு தச்சித் தாங்க காக்கா" என்று போய் நின்றேன். காட்டில் மல்லர் ரே மிஸ்டீரியோ. நாடி முதல் பிடரி வரை மூடிய முகமூடி, கண்ணைச் சுற்றிச் சுடர் மாதிரி வெட்டு, நெற்றியில் ஒரு சிலுவை.

தையல்காரக் காக்கா காட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சட்டைக்குத் தோள், நெஞ்சு, கை. களிசானுக்கு இடுப்பு, நீளம். இதுக்கு எத்தின அளவு மனே?" என்று கேட்டார். பதில் எனக்கும் தெரியாது. அளவு நாடா என் நெற்றியைச் சுற்றி வந்தது. பிறகு நாடியிலிருந்து உச்சி, உச்சியிலிருந்து பிடரி, ஒரு கண்ணின் கடைசியிலிருந்து மற்றக் கண்ணின் கடைசி, மூக்கின் நீளம். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினார். கைத்தறிச் சாரனில் மிஞ்சிய நீலத் துண்டொன்றை எடுத்து வெட்டினார். "நெத்தியில சிலுவ வேணாம், பிறை வெச்சித் தாறன்."

இரண்டு நாள் கழித்துப் போட்டுப் பார்த்தால் மூக்கு நசிந்தது. கண் ஓட்டை புருவத்தில் நின்றது. வலது காது மடிந்து உள்ளே போய்விட்டது. தறித்துணி இழுபடாது, தலையோ உருண்டை. "என்ட தையல்ல பிழையில்ல, உன்ட தலதான் பூசணிக்கா" என்றார் காக்கா. எனக்கு அழுகை வந்தது.

இதே சண்டை எழுபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் மெக்சிக்கோ நகரத்தில் ஒரு சப்பாத்துக் கடையில் நடந்திருக்கிறது என்பதைப் பிற்பாடுதான் வாசித்தேன். மெக்சிக்கோவின் மல்யுத்த முகமூடி பிறந்த கதை அதுதான்.

மெக்சிக்கோவில் இந்த மல்யுத்தத்துக்கு லுச்சா லிப்ரே என்று பெயர். கட்டற்ற சண்டை என்று பொருள். அதை ஊன்ற வைத்தவர் சல்வதோர் லுத்தெரோத், வரி அலுவலகத்தில் வேலை பார்த்த மனிதர். எல்லைப் பக்கத்து ஊருக்கு வேலையாகப் போன இடத்தில், அந்தப் பக்கம் அமெரிக்காவின் எல் பாசோவில் மல்யுத்தம் பார்த்து அதன்மேல் பைத்தியமாகி, 1933 செப்டெம்பரில் மெக்சிக்கோ நகரத்தில் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். மல்லர்கள் வந்தார்கள், சனமும் வந்தது. சப்பாத்துத்தான் தட்டுப்பாடு. கணுக்காலை இறுக்கிப் பிடிக்கவேண்டும், அடிப்பாகம் மெல்லிசாக இருக்கவேண்டும், மேடையில் வழுக்கக்கூடாது. சார்ரோ அகுவாயோ என்ற மல்லர், அந்தோனியோ மார்த்தினெஸ் என்ற சப்பாத்துத் தொழிலாளியிடம் சொல்லி அப்படியொரு சோடியைச் செய்வித்துக்கொண்டார். அது நன்றாக அமைந்தது. கடையின் பெயர் மல்லர்களுக்குள் பரவியது.

1934இல் அந்தக் கடைக்கு 'சைக்ளோன்' மக்கி என்ற அமெரிக்க மல்லர் வந்தார். அவர் கேட்டது சப்பாத்து இல்லை. தலை முழுக்க மூடுகிற ஒரு உறை. அமெரிக்காவில் கூ கிளக்ஸ் கிளான் வெறியர்கள் போட்டுக்கொள்ளும் தலையுறை மாதிரி இருக்கவேண்டும் என்றுதான் கேட்டாராம். கறுப்பு மக்களை வேட்டையாடியவர்களின் உறை அது. குழந்தைகள் பெருநாள் உடுப்பாகக் கேட்டு அழுகிற ஒரு சாமானுக்கு இப்படியொரு தொடக்கம்!

மார்த்தினெஸுக்குத் தெரிந்தது கால். தலையில் அவருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் தொழிலாளி தொழிலாளிதான்: மக்கியின் தலையில் பதினேழு அளவு எடுத்தார் என்று கதை சொல்கிறது. எங்கள் காக்கா எடுத்தது ஐந்துதான். ஆட்டுத்தோலை வெட்டி, துண்டுகளைப் பொருத்தித் தைத்து, பின்னால் பிடரியில் கயிறு கோத்து இறுக்கினார். மக்கி போட்டுப் பார்த்தார், பிடிக்கவில்லை. இறுக்கம், புழுக்கம். முறைத்துக்கொண்டு போய்விட்டார். மார்த்தினெஸும் அந்தக் கணக்கை அத்தோடு மூடிவிட்டார். ஆனால் அதே முகமூடியோடு 'முகமூடி அதிசயம்' என்ற பெயரில் மக்கி மேடையேற, கூட்டம் கூடியது. பிறகொரு நாள் திரும்பி வந்து இன்னும் சில தைக்கச் சொன்னார். மார்த்தினெஸ் இந்த முறை தலையின் போக்கைப் புரிந்துகொண்டார். அன்றைக்குத் தொடங்கிய தொழிலை அவருடைய மகன் தொடர்ந்தார். சப்பாத்துக் கடை முகமூடிக் கடையாயிற்று.

இன்றைக்கும் எந்த மெக்சிக்கோ மல்லரின் முகமூடியையும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சோடி சோடியாக ஓட்டை, குறுக்கும் மறுக்கும் ஓடும் கயிறு, கீழே ஒரு முடிச்சு. அது சப்பாத்தின் வாய். தலைக்குப் போட்ட சப்பாத்து என்று சொன்னாலும் பிழையில்லை.

முகத்தை மூடி மல்யுத்தம் செய்தவர்கள் அதற்கு முன்னாலும் இருந்தார்கள். 1915இல் நியூயோர்க்கில் ஒருவர் முகமூடியோடு சபையில் எழுந்து சவால் விட்டு, அந்தப் போட்டித் தொடருக்கே கூட்டம் சேர்த்துக் கொடுத்தார். அது சில வாரக் கூத்தோடு முடிந்தது. மெக்சிக்கோவில் மட்டும் ஏன் வேர் பிடித்தது என்று கேட்டால், அஸ்தெக் காலத்து ஜாகுவார் வேடம், கழுகு வேடம் என்று பெரிய விளக்கம் தருவார்கள். வேடத்துக்குப் பழகிய கண் அந்தச் சனத்துக்கு இருந்தது உண்மைதான். ஆனால் இந்தச் சாமான் கோயிலிலிருந்து வரவில்லை, ஊசியும் தோலும் வைத்திருந்த ஒரு கடையிலிருந்து வந்தது. எனக்கு அந்தப் பிறப்பே போதும்.

முகமூடி போட்ட முதல் மெக்சிக்கோக்காரர் ஹெசூஸ் வெலாஸ்கெஸ். வௌவால் என்று பெயர் வைத்துக்கொண்டு, சாக்கில் உயிருள்ள வௌவால்களைக் கொண்டுவந்து அரங்கத்துக்குள் பறக்கவிடுவார். 1940இல் ஒக்தாவியோ கவோனா என்பவரோடு ஒரு பந்தயம்: இவர் தோற்றால் முகமூடி போகும், அவர் தோற்றால் தலைமயிர் போகும். வௌவால் தோற்றார், முகம் வெளியில் வந்தது. அங்கிருந்துதான் லுச்சா லிப்ரேயின் பெரிய சட்டம் பிறந்தது. முகமூடியைப் பந்தயத்தில் இழந்தவர் சபைக்கு முன்னால் கழற்றி, தன் சொந்தப் பெயரைச் சொல்லவேண்டும். பிறகு அந்த முகமூடியைப் போடக்கூடாது. எந்தப் பட்டத்தையும்விட ஒரு முகமூடியைக் கழற்றியதுதான் பெரிய வெற்றி.

அந்த வௌவாலைப் பார்த்து ஒருவர் 'இரண்டாம் வௌவால்' என்று இறங்கினார். தன் பெயரைத் திருடுகிறார் என்று முதல் வௌவால் முறைப்பாடு செய்ய, அந்தப் பெயரை விடவேண்டியதாயிற்று. 1942இல் வெள்ளி நிற முகமூடியோடு, புதுப் பெயரோடு மேடையேறினார்: எல் சாந்தோ, அதாவது புனிதர். சொந்தப் பெயர் ரொதோல்ஃபோ குஸ்மான் உவெர்த்தா, 1917இல் துலான்சிங்கோவில் பிறந்தவர். பெயர்தான் புனிதர், தொடக்கத்தில் அவர் அடாவடிக்காரர் பக்கம். லுச்சா லிப்ரேயில் இரண்டு கட்சி உண்டு. சட்டப்படி ஆடுகிறவர்கள் ஒன்று, கள்ள அடி அடிக்கிறவர்கள் ஒன்று. சாந்தோ இருபது வருடம் இரண்டாவது கட்சியில் இருந்துவிட்டு, 1962இல்தான் நல்லவர்கள் பக்கம் வந்தார். இடையில் 1952இல் அவரை வைத்துச் சித்திரக்கதை வந்தது, பிறகு படம், படத்துக்கு மேல் படம். ஐம்பதுக்கும் அதிகமான படங்களில் இரத்தக்காட்டேறியோடும் செவ்வாய்க்கிரகக்காரரோடும் மல்லுக்கு நின்றார். எல்லாம் அதே வெள்ளி முகத்தோடு. கோட்டுச் சூட்டுப் போட்டு விருந்துக்குப் போனாலும் முகமூடி கழன்றதில்லை. எம்.ஜி.ஆருக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் எப்படியோ அப்படி. எங்கள் பக்கத்து மூத்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

1984 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், யாரும் எதிர்பாராமல், முகமூடியைக் கொஞ்சம் தூக்கி முகத்தைக் காட்டினார். சில நாளில், பெப்ரவரி 5ஆம் திகதி, மாரடைப்பில் மௌத்தாகிவிட்டார். முகமூடியோடுதான் அடக்கினார்கள்.

இதையெல்லாம் என் உம்மாவிடம் சொல்லிப் பயனில்லை. முதல் முகமூடி பிழைத்த பிறகு, காக்கா பெனியன் துணியில் இரண்டாவது ஒன்று தைத்துத் தந்தார். அது தலையில் பாம்புச் சட்டை மாதிரிப் பிடித்தது. போட்டுக்கொண்டு குசினிக்குள் பாய்ந்தேன். உம்மா அலறிய அலறலில் கையிலிருந்த அகப்பை விழுந்தது. "கழத்து! தலையாட்டி மாதிரி வந்து நிக்கான்!"

தலையாட்டி என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு இப்போது தெரியாது. கிழக்கில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்த காலத்தில் ஆட்களை வரிசையாக நடக்க விடுவார்கள். வரிசையின் முடிவில் ஒருவர், தலைக்கு மேல் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. நீங்கள் அவரைக் கடந்து போகவேண்டும். அவர் சும்மா இருந்தால் வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினால் லொறியில் ஏறவேண்டியதுதான். அந்தச் சாக்குக்குள் யார் என்று எவருக்கும் தெரியாது. கூடப் படித்தவனாக இருக்கலாம், கடன் வாங்கியவனாக இருக்கலாம். மெக்சிக்கோச் சனம் முகமூடியைக் கண்டு கைதட்டிய அதே காலத்தில், எங்கள் கரையில் மூடிய முகத்துக்கு இருந்த அர்த்தம் அது ஒன்றுதான். முகமூடிக்குப் பெயர்போன அம்பலாங்கொடை இருப்பது தீவின் மறுகரையில், சிங்கள ஊர். எங்களுக்கு ஆட்டக்கலை என்றால் பொல்லடியும் சீனடியும். அண்ணாவியும் சரி, சீடனும் சரி, திறந்த முகத்தோடுதான் களத்தில் இறங்குவார்கள்.

அப்படியிருந்தும் எங்கள் ஒழுங்கையில் ரே மிஸ்டீரியோவுக்கு இருந்த மவுசு சொல்லி மாளாது. காரணம் அவருடைய உயரம். ஐந்தரை அடி. மற்றவர்கள் எல்லாம் அலுமாரி மாதிரி நிற்க, இந்த மனுசன் அவர்களுடைய கக்கத்துக்குள்ளால் பூந்து ஓடுவார். ஒஸ்கார் குத்தியேரெஸ் என்பது சொந்தப் பெயர், 1974இல் கலிஃபோர்னியாவில் எல்லையோர ஊரான சூலா விஸ்தாவில் பிறந்தவர். குடும்பத்து மூத்தவரான முதல் ரே மிஸ்டீரியோவிடம் பழகி, 14 வயதில் மெக்சிக்கோவில் மேடையேறினார். அமெரிக்காவில் முகமூடிக்கு எப்போதும் வரவேற்பு இருந்ததில்லை. நியூயோர்க் மாநிலத்தில் தடையே இருந்தது. 1972 டிசம்பரில் மில் மாஸ்கராஸ் என்ற மெக்சிக்கோ மல்லர்தான் அங்கே மாடிசன் சதுக்க அரங்கில் முகமூடியோடு முதலில் இறங்கினார். ஆனால் 1999 பெப்ரவரியில் ஒரு அமெரிக்க நிறுவனம் மிஸ்டீரியோவை, அவர் விரும்பாமலே, முகமூடியைப் பந்தயத்தில் இழக்க வைத்தது. மெக்சிக்கோச் சட்டப்படி கதை அங்கே முடிந்தது. 2002இல் வேறு நிறுவனத்துக்கு மாறியபோது திரும்பவும் போட்டுக்கொண்டு வந்தார். மரபைக் கட்டிப் பிடிப்பவர்களுக்கு அது குற்றம். எனக்கு அது நியாயம். பறித்ததைத்தானே திரும்ப எடுத்தார்.

2006 ஜனவரியில் முப்பது பேர் இறங்கும் ஒரு போட்டியில் இரண்டாவது ஆளாக ஏறி, ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக நின்று வென்றார். ஏப்ரலில் உலகப் பட்டம். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை எல்லாம் சுனாமிக்குப் பிறகு பாதி கட்டிய வீடுகளோடு நின்ற வருடம் அது. கூரையில்லாத சுவர்களுக்கிடையே கயிறு கட்டி, அதில் தொங்கிச் சுழன்று எதிராளியின் முகத்தில் இரண்டு காலாலும் அடிப்போம். மிஸ்டீரியோவின் அந்த அடிக்கு 619 என்று பெயர். ஏதோ மந்திர எண் என்றிருந்தோம். அது சான் டியாகோவின் தொலைபேசிக் குறியீடு என்று பிறகு தெரிந்தபோது, எங்கள் அடிக்கு எங்கள் பக்கத்துக் குறியீடான 067 என்று பெயரை மாற்றினோம்.

2011 ஆகஸ்ட், நோன்பு மாதம். கிறீஸ் பூதம் என்ற பீதி கிழக்கை ஆட்டியது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசி, முகத்தை மறைத்து, இரவில் வீடுகளுக்குள் பாய்கிறார்கள் என்று ஊருக்கு ஊர் பேச்சு. ஆண்கள் பொல்லோடு விடிய விடியக் காவல் நின்றோம். பிடிபட்டவன் பூதம்தானா என்று விசாரிக்கும் பொறுமை எவருக்கும் இல்லாத நாட்கள். ஒரு நாள் தராவீஹ் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தால் குசினியில் துணி கருகிய மணம். அலுமாரியில் சாரன்களுக்கு அடியில் இருந்த முகமூடியை உம்மா அடுப்பில் போட்டுவிட்டா. "ஆராவது வந்து பாத்தா என்ன சொல்ற மனே?" என்றதோடு சரி.

காக்கா இப்போதும் தைக்கிறார். போன பெருநாளைக்குச் சட்டை கொடுக்கப் போனபோது பழைய அளவுக் கொப்பியைப் புரட்டிக் காட்டினார். நீல மையில் என் பெயர், அதற்கு நேரே: தலை சுற்று 20½, நாடி உச்சி 10, கண்ணுக்குக் கண் 3½. மற்ற இலக்கங்கள் தண்ணீர் பட்டு அழிந்துவிட்டன. அதற்குப் பிறகு யாருக்கும் தலை அளவு எடுக்கவில்லை என்றார்.