அமைச்சர் கடித்த பர்கர்

1990 மே மாதம் எடுத்த ஒரு படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். பிரிட்டனின் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர், பத்திரிகைக்காரர்கள் முன்னால் தன் நான்கு வயது மகளுக்கு மாட்டிறைச்சி பர்கரை நீட்டுகிறார். குழந்தை வாங்கவில்லை, அவரே கடித்துக் காட்டினார். சில நாள் முன்பு ஒரு வீட்டுப் பூனை இதே போன்ற மூளை நோயால் இறந்த செய்தி ஊரையே மிரட்டியிருந்தது.

மேட் கவ் நோய் 1986-இல் கண்டறியப்பட்டது. புல் தின்னும் மாட்டுக்கு இறைச்சி, எலும்புத் தூள் கலந்த தீவனம் போட்டதால் பரவியது. அந்தத் தீவனத்தை 1988-இல் தடை செய்தார்கள். மாட்டின் மூளை, தண்டுவடத்தை மனித உணவில் சேர்ப்பதற்கும் மறு ஆண்டே தடை வந்தது. ஆகவே அரசு சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

கோளாறு வேறிடத்தில். 1989-இல் சவுத்வுட் குழு, மனிதருக்கு ஆபத்து மிகக் குறைவு என்றது. தங்கள் கணிப்பு பொய்த்தால் விளைவு மிகக் கடுமையாக இருக்கும் என்றும் கூடவே எழுதியது. முதல் பாதிதான் மக்கள் காதுக்குப் போனது. நன்றாக வேகவைத்தால் போதும் என்று நீங்களும் நினைப்பீர்கள். இதற்குக் காரணமான பிரியான் என்ற புரதமோ சமையல் சூட்டுக்கு அழிவதில்லை. (பாலில் ஆபத்து தெரியவில்லை.)

1996 மார்ச் 20 அன்று, மனிதருக்கும் தொற்றியிருக்கக்கூடும் என்று நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். அரசு பொய் சொல்லவில்லை, மக்கள் பீதியடையக் கூடாது என்பதிலேயே குறியாக இருந்தது என்று 2000-இல் விசாரணை அறிக்கை சொன்னது. பிரிட்டனில் இறந்தவர்கள் 178 பேர், பலர் இளைஞர்கள்.