வரைபும் எழுத்தும்

விஞ்ஞான வரைபொன்றில் வளைகோடு போக்கைக் காட்டும். அளவையும் அலகையும் அறிவிப்பன எழுத்துக்களே. மைக்குரோ என்னும் குறி மறைந்தால் அளவு பத்திலட்சம் மடங்கு பிழைபடும். கோடுகளைக் கணித அளவுகளாற் பதியும் காவி வரைகலையில் இவ்விடர் தோன்றிய வரலாறு அறியத்தக்கது.

1984இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட போஸ்ற்ஸ்கிறிப்ற் மொழி, எழுத்தையும் வரைதற்குரிய வடிவமாகவே கொண்டது. அதன் 1ஆம் வகை எழுத்துருவின் நுட்பத்தை அந்நிறுவனம் 1990 வரை மறைத்தே வைத்திருந்தது. 3ஆம் வகையோ எவரும் ஆக்கத்தக்கதாயிருந்தது. 1991இல் அப்பிள் நிறுவனத்தின் ட்ரூரைப் எழுந்தது. அதனை அம்மொழியினுட் பொதிந்து வழங்குவதே 42ஆம் வகை. 1993இல் வந்த பீ.டி.எவ். கோப்பு 1ஆம், 3ஆம் வகைகளோடு ட்ரூரைப்பையும் ஏற்றது.

2003இல் ஜோன் ஹன்ரர் வெளியிட்ட மற்பிளொட்லிப் என்னும் வரைபாக்கி, பீ.டி.எவ். கோப்பில் இயல்பாக 3ஆம் வகையையே பொதிகின்றது. அவ்வகையை ஏலாத ஆய்விதழ்கள் உள. எழுத்துரு அமைப்பை 42 என மாற்றின் ட்ரூரைப் பொதியப்படும், தடையும் நீங்கும்.

2001இல் நியமமான எஸ்.வி.ஜி. கோப்பில் இரு நெறிகள் உள. எழுத்தை வளைகோடாக்கின் எங்கும் உருமாறாது. ஆயின் சொல்லைத் தேடவோ எளிதில் திருத்தவோ இயலாது. எழுத்தாகவே விடின் திருத்தலாம். ஆயின் அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் வேறொன்று புகும். குறிகள் வெற்றுப்பெட்டிகளாதலுங் கூடும்.

ஆதலின் அச்சுக்குச் செல்வதை வளைகோடாக்கி, திருத்தற்குரிய படியை எழுத்தாகவே பேணுதல் நன்று. அனுப்புமுன் பிறிதொரு கணினியில் திறந்து அலகுகளைச் சரிபார்த்தல் ஆய்வாளர் கடனாகும்.