வழி கேட்காமல் போகிறவள்

காகித வரைபடம் நல்லதா, கைபேசி மேப் நல்லதா என்று கேட்டால் வண்டி ஓட்டுகிற ஆண்கள் அரை மணி நேரம் பேசுவார்கள். மேப் ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்திய கதை வரும். ஒருமுறை போன பாதை தனக்கு மறக்கவே மறக்காது என்ற பெருமையும் வரும். தருமபுரி மாவட்டத்தில் பல வருடங்களாகக் கார் ஓட்டுகிறவள் நான். இந்தப் பேச்சைப் பின்சீட்டிலிருந்தும் முன்சீட்டிலிருந்தும் கேட்டிருக்கிறேன். வழியை யார் வைத்திருந்தார்கள், யார் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்ற கேள்வி மட்டும் அதில் வந்ததில்லை. வரலாறு கற்பிக்கிறவளுக்கு அந்தக் கேள்வியை விட்டுவிட மனம் வராது.

எங்கள் பக்கத்தில் வழி ஒரு காலத்தில் கல்லில் இருந்தது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டு மைல்கல் ஒன்று, அது நிற்கும் சாலைக்கு அதியமான் பெருவழி என்று பெயர் சொல்கிறது. நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று தூரமும் சொல்கிறது. தாவளம் என்றால் வணிகர்கள் தங்கும் இடம். எழுத்தோடு அந்தக் கல்லில் குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி இரண்டு, சிறிய குழி ஒன்பது. எழுத்துத் தெரியாதவர்கள் தடவிப் பார்த்தே எண்ணிக்கொள்வதற்காக என்று ஆய்வாளர்கள் விளக்கம் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் எழுத்து மறுக்கப்பட்டவர்களில் பெரும்பகுதி யார் என்று நமக்குத் தெரியும். அந்தக் கல்லைக் கடந்துபோன பெண் யாரிடமும் வாய் திறக்காமல் தூரம் தெரிந்துகொண்டிருக்க முடியும்.

அதற்கும் முன்னால் வழி பாட்டில் இருந்தது. ஆற்றுப்படை என்ற சொல்லுக்கே வழிப்படுத்துவது என்றுதான் பொருள். பரிசு பெற்று வந்தவர் பெறப்போகிறவருக்கு வழி சொல்வது அது. அந்த வகையில் விறலியாற்றுப்படை என்று தனியாக ஒரு துறை உண்டு. புறநானூற்றின் 103ஆம் பாட்டு அந்தத் துறையைச் சேர்ந்தது, பாடியவர் அவ்வையார். சுரத்தில் வாத்தியங்களோடு உட்கார்ந்திருக்கும் ஒரு விறலிக்கு, தகடூர் அஞ்சி எங்கே இருக்கிறான் என்று அவர் சொல்கிறார். அவன் தொலைவில் இல்லை, பகைவர் நிலத்தில் இருக்கிறான். எரியும் ஊர்களின் புகை, மலையை மஞ்சு சூழ்வது போல யானைகளைச் சூழும் இடம் அது. தகடூர்தான் இன்றைய தருமபுரி. இந்த ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வழிக்குறிப்புகளில் ஒன்று, ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொன்னது. அதே அவ்வைதான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது போனவரும். பெண்களுக்குத் திசை தெரியாது என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு பாட்டே போதும்.

காகித வரைபடம் இங்கே வேறு வேலைக்காக வந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்துக்கு வந்தார். அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ ஏழு வருடம் இந்தப் பகுதியில் இருந்தார். தருமபுரியில் வீடும் தோட்டமும் வைத்திருந்தார். வயல் வயலாக அளந்து, உழவர் ஒவ்வொருவர் பெயரிலும் வரி எழுதும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. 1802இல் லாம்டன் சென்னையில் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். பிறகு 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டித் தெற்கு வடக்காக அளவை நீண்டது. அந்த ரேகை நம் தருமபுரிக்கும் பென்னாகரத்துக்கும் நடுவே போகிறது. இந்திய சர்வே துறையின் பழைய தாள்களில் தருமபுரியும் அரூரும் 57 எல். பென்னாகரமும் ஒகேனக்கல்லும் 57 எச். பாப்பிரெட்டிப்பட்டி 58 ஐ.

வரிக்காக அளந்த வரைபடத்தில் வரி கட்டுகிறவனின் பெயர் ஏறியது. களையெடுத்தவள் பெயர் ஏறவில்லை. பட்டா, கிராம வரைபடம், எஃப்.எம்.பி. எல்லாம் ஆண் கையிலிருந்து ஆண் கைக்குப் போயின. குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது 1989இல்தான். ஊரில் வரைபடம் என்ற சொல்லைப் பெண்கள் பெரும்பாலும் கேட்டது எல்லைத் தகராறு நாளில். அதை விரித்துப் பார்க்கும் கூட்டத்தில் அவர்களுக்கு இடம் இருந்ததில்லை.

மலைப் பக்கம் கோடு இன்னும் கடுமையாக விழுந்தது. 1882ஆம் வருடத்துச் சென்னை வனச் சட்டம் வந்த பிறகு, காப்புக்காடு என்று வரைபடத்தில் எல்லை போட்டார்கள். விறகுக்கும் கிழங்குக்கும் பெண்கள் நடந்த தடங்கள் அந்தக் கோட்டுக்குள் அத்துமீறலாக மாறின. கோட்டுக்குக் காவல் நின்றவர்கள் என்ன செய்ய முடியும் என்பதை இந்த மாவட்டம் பார்த்தது. சித்தேரி மலையடிவாரத்தில், மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் வாச்சாத்திக்குள், 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று, அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. உயர் நீதிமன்றம் அதை 2023 செப்டம்பர் 29 அன்று உறுதி செய்தது. வாச்சாத்திக்கு வழி தெரியாமல் அன்று யாரும் தடுமாறவில்லை. பிரசவ வலி எடுத்தவளைக் கொண்டுபோக வண்டி தேடும் இரவில்தான் மலை ஊர்களுக்கு வழியில்லை என்று ஆகிவிடுகிறது.

ஆகவே காகித வரைபடத்தின் பொற்காலம் என்று யாராவது ஏங்கும்போது எனக்கு அந்த ஏக்கம் தொற்றுவதில்லை. சர்வே தாள்கள் சாதாரண ஆட்கள் கைக்கு எளிதில் வந்ததில்லை. கடையில் கிடைத்த சாலை வரைபடம் வாங்கினாலும் அது டாஷ்போர்டில் ஓட்டுகிறவரின் பக்கம் இருந்தது. நடைமுறையில் வழி டீக்கடையில் இருந்தது. ஆண் கண்ணாடியை இறக்கி, "அண்ணே, பாலக்கோடு எப்படிப் போகணும்?" என்றால் பதில் வரும். நான் அதையே கேட்டால் முதலில் திரும்பி வருவது கேள்விகள்தான். "யாரு வீட்டுக்கு? கூட யாரும் வரலையா? நீங்களேவா ஓட்டிக்கிட்டு வர்றீங்க?" பதில் சொல்லி முடிப்பதற்குள் பெஞ்சில் இருக்கிற எல்லோருக்கும் நான் தனியாக வந்திருப்பது தெரிந்துவிடும். இருட்டிவிட்டால் வழி கேட்பதைவிட வழி தவறிப் போவது மேல் என்று தோன்றும். இப்படித்தான் பல பெண்கள் ஓட்டத் தெரிந்தும் உள்ளூர் எல்லையைத் தாண்டாமல் இருந்தார்கள்.

கைபேசி மேப் மாற்றியது இந்த இடத்தைத்தான். யாரையும் கேட்காமல் போய்ச் சேரும் உரிமையை அது கொடுத்தது. ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க ராணுவத்தின் சொத்து. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை 2000 மே மாதம் எடுத்தார்கள். 2018இல் கூகுள் மேப் தமிழிலும் வாய்விட்டு வழி சொல்லத் தொடங்கியது. அதே 2018 பிப்ரவரியில், வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்கப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய், மானியம் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. வண்டியும் வழியும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. இண்டூரிலிருந்தும் காரிமங்கலத்திலிருந்தும் ஹெல்மெட்டுக்குள் இயர்போன் மாட்டிக்கொண்டு முன்பின் தெரியாத ஊருக்குப் போகும் பெண்களை இன்று பார்க்கிறேன். "மேப் போட்டு வந்துட்டேன்" என்று அவர்கள் சாதாரணமாகச் சொல்வதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வலது பக்கம் திரும்பு, நேராகப் போ என்று காரில் கேட்பது பெரும்பாலும் பெண் குரல். மனைவி சொன்னால் திரும்பாதவர்கள் அந்தக் குரலுக்குத் திரும்புகிறார்கள். திரும்பியபடியே, பெண்களுக்கு மேப் பார்க்கத் தெரியாது என்றும் சொல்கிறார்கள். பூமியின் உண்மையான வடிவத்தைக் கணக்கிட்டு ஜி.பி.எஸ்.ஸுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் கிளாடிஸ் வெஸ்ட். 1930இல் வர்ஜீனியாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினப் பெண். 1956இல் டால்கிரென் கடற்படைத் தளத்தில் கணிதவியலாளராகச் சேர்ந்தவர். அவர் பெயர் உலகத்துக்குத் தெரிந்தபோது அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. சாலை எங்கே வளைகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் தனக்கு நிச்சயம், தன் கைக்குக் காகித வரைபடம்தான் பிடிக்கும் என்று அவர் பேட்டியில் சொன்னார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. மேப் திருப்பங்களைச் சொல்கிறது, நிலத்தைச் சொல்வதில்லை. தேசிய நெடுஞ்சாலை 44இல், தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் வருகிறது. நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க லாரியை நியூட்ரலில் விடுவதும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதும் அங்கே பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கின்றன. கைபேசியின் நீலக்கோடு அந்த இடத்தில் சமதரையில் போவது போலத்தான் போகிறது. 1:50,000 சர்வே தாளை விரித்தால் சம உயரக் கோடுகள் அங்கே நெருங்கி நிற்பது தெரியும். பின்னால் வரும் லாரி எந்த நிலையில் வருகிறது என்று யோசிக்க அது கற்றுக்கொடுக்கும்.

காகிதத்துக்கும் குறை உண்டு. அது மூப்படையும். 2004க்கு முந்தைய வரைபடத்தில் கிருஷ்ணகிரியும் ஓசூரும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருக்கும். 44ஆம் எண் சாலை 7ஆம் எண்ணாக இருக்கும். ஆனால் சித்தேரி மலையில் சிக்னல் அறுந்த பிறகும் அது பேசும். கோட்டூர் மலைக்கு அண்மைக்காலம் வரை பல தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில் போனது. அப்படிப்பட்ட ஊர்களில் கர்ப்பிணியைத் தூளி கட்டித் தூக்கி இறங்குகிறவர்களுக்கு எந்த மேப்பும் வழி சொல்வதில்லை. அந்தத் தடங்களை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் மலையேறித் தடுப்பூசி போடும் கிராம சுகாதாரச் செவிலியர்கள். அவர்கள் அறிவை யாரும் வரைபடம் என்று அழைத்ததில்லை.

கைபேசி கேட்கும் விலையையும் சொல்ல வேண்டும். வழி காட்டும் கருவி, போகிறவளையும் காட்டிக்கொடுக்கும். ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்த வீட்டிலேயே, "லொக்கேஷன் ஷேர் பண்ணிட்டுப் போ" என்ற நிபந்தனையும் வருகிறது. பாதுகாப்புக்காக என்று சொல்லப்படும் அது, எங்கே எவ்வளவு நேரம் நின்றாய் என்ற விசாரணையாக இரவில் முடிகிறது. டீக்கடைக் கேள்விகள் வீட்டுக்குள் இடம் மாறியிருக்கின்றன. காகித வரைபடம் யாரையும் போட்டுக்கொடுத்ததில்லை.

நினைவின் கணக்கும் ஒன்று இருக்கிறது. 2020இல் வெளியான மாண்ட்ரியல் ஆய்வொன்று, ஜி.பி.எஸ்.ஸை அதிகம் நம்பி ஓட்டுகிறவர்களின் இட நினைவு மங்குவதாகக் கண்டது. பெண்களுக்கு இன்னும் முக்கியமானது 2018இல் வந்த வேறொரு ஆய்வு. சீ ஹீரோ குவெஸ்ட் என்ற கைபேசி விளையாட்டை 57 நாடுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விளையாடியதை வைத்துச் செய்தது. வழி கண்டுபிடிப்பதில் ஆண் பெண் இடைவெளி, சமத்துவம் அதிகமுள்ள நாடுகளில் சிறியதாகவும் குறைந்த நாடுகளில் பெரியதாகவும் இருந்தது. திசை அறிவை உடம்போடு முடிச்சுப் போட்டுப் பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். வெளியே விட்டால் வழி தெரிகிறது.

ஆண்டுதோறும் முதல் வகுப்பில் மாணவிகளை வீட்டிலிருந்து கல்லூரிக்கு வழி வரையச் சொல்வேன். பஸ் நிற்கும் இடங்களைப் பெயரோடு வரைவார்கள். இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே தாள் வெள்ளையாக இருக்கும். மூன்று வருடம் தினமும் கடந்துபோகும் ஊர்கள் அவை; அங்கே இறங்க அவர்களுக்கு அனுமதி இருந்ததில்லை. பிறகு சர்வே தாளை மேசையில் விரிப்போம். இன்று அதை இணையத்திலிருந்தே இறக்கிக்கொள்ள முடிகிறது. தன் ஊரை விரலால் தேடிக் கண்டுபிடித்ததும் ஒவ்வொருத்தியும் அடுத்து அம்மாவின் ஊரைத் தேடுகிறாள். மேப் போட்டு ஓட்டுங்கள், யாரையும் கேட்காமல் போங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்கிறேன். புறப்படும் முன் ஒருமுறை தாளைப் பார்த்துவிடுங்கள் என்றும் சொல்கிறேன். மலை எந்தப் பக்கம், ஆறு எந்தப் பக்கம் என்று தெரிந்தவளை, அணைந்த கைபேசி நடுவழியில் நிறுத்திவிடாது.

வருடக் கடைசியில் அதே வழியை மறுபடி வரையச் சொல்வேன். பொம்மிடியிலிருந்து வரும் ஒரு மாணவி இந்த முறை பஸ் நிறுத்தங்களுக்கு நடுவே இருந்த வெள்ளையை ஊர்ப் பெயர்களால் நிரப்பியிருந்தாள். எந்த ஊரில் பெண்களுக்குக் கழிப்பறை உண்டு, எங்கே தெருவிளக்கு எரியாது என்றும் குறித்திருந்தாள். சேர்வராயன் மலையைத் தாளின் அடியில் வரைந்திருந்தாள். ஏன் அடியில் என்று கேட்டேன். "தெற்கு அங்கதானே மேடம்" என்றாள்.