மாட்டுக் கொழுப்பு மஞ்சள், ஆட்டுக் கொழுப்பு வெள்ளை ஏன்?

மாக் மண்டின் – இறைச்சிக் கடையில் மஞ்சள் கொழுப்பைக் கண்டதும் ‘கிழட்டு மாடு’ என்று ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. வயது மட்டுமே காரணமல்ல. பச்சைப் புல்லிலுள்ள பீட்டா கரோட்டினில் ஒரு பகுதி மாட்டின் கொழுப்பில் தங்கிவிடுகிறது. ஆடும் எருமையும் அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிவிடுவதால் அவற்றின் கொழுப்பு வெள்ளையாக இருக்கிறது.

வைட்டமின் ஏ, தசைக்குள் கொழுப்பு அணுக்கள் உருவாவதைத் தடுக்கும். ஜப்பானின் வாக்யூ பண்ணைகளில் மாட்டைக் கொழுக்க வைக்கும் காலத்தின் நடுவில் அதைக் குறைத்துக் கொடுப்பது இதனால்தான்; இறைச்சியில் கொழுப்பு வரிவரியாகப் படரும். அளவு தப்பினால் மாட்டின் கண்பார்வையே போய்விடும். நம்மவர்கள் வீட்டில் முயன்று பார்க்கக்கூடிய வித்தையல்ல.

தோட்டங்களில் ஆடு, மாடு வளர்ப்போர் கவனிக்க வேண்டியது செம்பனைப் பருப்புப் புண்ணாக்கை. செம்பனை எண்ணெய்க்குச் சிவப்பைத் தரும் கரோட்டின் பழத்தின் சதையில்தான் இருக்கிறது, பருப்பில் அல்ல. புண்ணாக்கை மட்டும் நம்பிக் கொட்டகையில் கட்டி வளர்த்தால் வைட்டமின் ஏ குறையும். புல்லும் தழையும் கட்டாயம் வேண்டும். செம்மறி ஆட்டுக்கு இன்னும் ஆபத்து: அந்தப் புண்ணாக்கிலுள்ள செம்பு ஈரலில் சேர்ந்து உயிரைப் பறிக்கும்.

பச்சைத் தீவனத்தில் வைட்டமின் ஈ-யும் உண்டு. வெட்டிய இறைச்சி சீக்கிரம் நிறம் மங்காமலும், கொழுப்பில் சிக்கு வாடை ஏறாமலும் காப்பது அதுதான்.