கிராணியின் கார்பன் தாளும் வீட்டுக் கணினியும்

தோட்டத்தில் ஒரு மனிதன் வேலை செய்தான் என்பதற்கு அன்று இருந்த ஒரே சாட்சி செக்ரோல்தான். காலைப் பிரட்டில் பெயர் கூப்பிடுவார்கள். கிராணி வருகையைக் குறிப்பார். மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் சம்பளம். கோல சிலாங்கூரில் தொடங்கி ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை வரை எந்தத் தோட்டத்து ஆபீசிலும் இதே நடைமுறைதான்.

ஆனால், கிராணியின் கணக்கு அந்த ஆபீசோடு நின்றுவிடவில்லை. கார்பன் தாள் வைத்து எழுதிய படிகளும் மானேஜரின் மாத அறிக்கையும் ஏஜென்சி நிறுவனத்துக்குப் போயின. முக்கியமானவை கப்பலேறி லண்டன் இயக்குநர்களின் மேசைக்கும் போயின. அதன் பலன் என்ன? மலாயாவில் பல தோட்டங்களை நிர்வகித்த ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்டு நிறுவனத்தின் ஆவணங்களை இன்றும் லண்டன் மாநகர ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். ஜப்பானியர் படையெடுப்பு, அவசரகாலம், தோட்டத் துண்டாடல் என எத்தனையோ இங்கே நடந்தும் அங்கே போன படிக்கு ஒன்றும் ஆகவில்லை. தொழிலாளியின் வரலாற்றைக் காக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் யாரும் இதைச் செய்யவில்லை. தன் முதலுக்குக் கணக்கு வேண்டும் என்ற முதலாளியின் அக்கறைதான் காரணம். இன்றைய கணினி உலகம் 'காப்புப் பிரதி' என்று சொல்வது இதைத்தான்.

பத்தாங் பெர்ஜுந்தை அருகே உள்ள தென்னமரம் தோட்டத்தை எடுத்துக் கொள்வோம். 1917ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரை அங்கேதான் தொடங்கினார். மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. அவருடைய பெயர் நூல்களில் இருக்கிறது, நிறுவன ஏடுகளில் இருக்கிறது, பல நாட்டு நூலகங்களில் இருக்கிறது. அந்தச் செம்பனைக் கன்றுகளுக்குக் குழி வெட்டியவர்களின் பெயர்கள் செக்ரோலில் மட்டுமே இருந்திருக்கும். ஒரே இடத்தில் இருந்த பெயருக்கும் பல இடங்களில் இருந்த பெயருக்கும் உள்ள வேறுபாடு இது.

லயத்து வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். குடும்பத்தின் சொத்து ஒரு தகரப் பெட்டி. பிறப்புப் பத்திரம், 1948இல் அவசரகாலத்தின்போது கொடுக்கத் தொடங்கிய அடையாளக் கார்டு, கல்யாணப் படம் எல்லாம் அதற்குள்தான். கரையான் அரித்தாலும் கூரை ஒழுகினாலும் போனது போனதுதான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டங்கள் கைமாறி, மக்கள் பட்டணத்துப் பக்கம் பெயர்ந்தபோது எத்தனை பெட்டிகள் வழியிலேயே தொலைந்தன என்பதற்குக் கணக்கே இல்லை. 2011 பிப்ரவரியில் நாடு முழுவதும் 'மைடப்தார்' இயக்கம் நடத்தி, பத்திரமில்லாத இந்தியர்களைப் பதிவு செய்ய வேண்டிய நிலை வந்தது. பிறப்பைப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் ஒருபுறம், பதிந்த தாளைத் தொலைத்தவர்கள் மறுபுறம். பத்திரத்தில் இருந்த ஊர்ப் பெயருக்கும் கதி இதுதான்: பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது.

இந்தக் காலக்கட்டத்தில்தான் கணினி வீட்டுக்குள் வந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி, ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்துக் கணினி வாங்க அரசாங்கம் வழி செய்தது. பிள்ளைகளின் படிப்புக்காக வந்த பெட்டியில் மெல்ல மெல்லக் குடும்பமே குடியேறியது. தாத்தாவின் படத்தை 'ஸ்கேன்' செய்து ஏற்றினார்கள், கோயில் கணக்கை ஏற்றினார்கள், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலரை ஏற்றினார்கள். ஏற்றியாகிவிட்டது, இனிக் கரையான் பயமில்லை என்று நிம்மதியடைந்தார்கள். தகரப் பெட்டி போய் இன்னொரு பெட்டி வந்திருக்கிறது, பிரதி என்னவோ இன்னமும் ஒன்றுதான் என்பது அன்று பலருக்கும் தோன்றவில்லை.

பாடம் சீக்கிரமே வந்தது. தைவான் மாணவர் ஒருவர் எழுதிய சி.ஐ.எச். என்ற நச்சுநிரல் 1999 ஏப்ரல் 26 அன்று ஆசியாவெங்கும் விழித்துக்கொண்டது. வன்தட்டின் தொடக்கப் பகுதியையே அது அழித்ததால் கணினிக்குத் தன்னிடம் என்ன இருக்கிறது என்பதே தெரியாமல் போனது. அடுத்த ஆண்டு மே 4ஆம் தேதி பிலிப்பைன்சிலிருந்து 'ஐ லவ் யூ' என்ற மின்னஞ்சல் புறப்பட்டது. காதல் கடிதம் என்று திறந்தவர்களின் படக் கோப்புகள் மேல் அது தன்னையே எழுதிக்கொண்டது. மற்றதையெல்லாம் மீண்டும் வாங்கிவிடலாம், தாத்தாவின் படத்தை எந்தக் கடையில் வாங்குவது?

பாதுகாப்புக்கு மென்பொருள் அப்போதும் இருந்தது. பெரிய நிறுவனங்கள் பல காலமாகவே இரவில் காந்த நாடாவில் படியெடுத்து வந்தன. வீட்டுக்காரருக்குக் கிடைத்தது டிஸ்கெட். ஒரு டிஸ்கெட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட். ஒரு கிகாபைட்டுக்கு ஏறக்குறைய 700 டிஸ்கெட் மாற்ற வேண்டும். அந்தப் பொறுமை யாருக்கு உண்டு? 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் வீட்டுப் பதிப்பில் காப்புப் பிரதி மென்பொருள் குறுந்தட்டின் ஒரு மூலையில் கிடந்தது. தேடிப் போய்த் தனியாக நிறுவினால்தான் வேலை செய்யும். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடமிருந்தே அதை ஒளித்து வைத்ததைப் போலத்தான் இது.

இத்தகைய மென்பொருள் செய்யும் வேலை கிராணிக்கு நன்றாகப் புரியும். மாதத் தொடக்கத்தில் செக்ரோலில் எல்லாப் பெயரையும் எழுதுவார். பிறகு அன்றாடம் அன்றைய குறிப்பை மட்டும் சேர்ப்பார். மென்பொருளும் முதல் நாள் எல்லாக் கோப்புகளையும் படியெடுக்கும். அடுத்தடுத்த நாள்களில் மாறியதை மட்டும் எடுக்கும். அதனால் நேரமும் மிச்சம், நேற்றைய வடிவத்துக்கும் திரும்பிப் போகலாம். 2007இல் ஆப்பிள் கொண்டு வந்த 'டைம் மெஷின்' இதை யாரும் கேட்காமலே மணிக்கு ஒருமுறை செய்தது. 2012இல் விண்டோஸ் 8இலும் இதுபோன்ற வசதி வந்தது. வெறுமனே கோப்பை விரலியில் இழுத்துப் போடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, மனித மறதியை நம்பாமல் இருப்பதுதான்.

இவ்வளவு செய்தும் ஓட்டை விழும் இடம் ஒன்று உண்டு. படியெடுத்த வன்தட்டு கணினிக்குப் பக்கத்திலேயே இருக்கும். 2021 டிசம்பரில் சிலாங்கூர் வெள்ளத்தில் மூழ்கியபோது கோல சிலாங்கூர் மாவட்ட மக்களும் நிவாரண மையங்களுக்குப் போனார்கள். மேசை மேல் இருந்த இரண்டும் நனைந்தால் இரண்டு பிரதி இருந்தும் பயனில்லை. வெள்ளம் வடிந்தபின் தேசியப் பதிவிலாகா பாதிக்கப்பட்டவர்களுக்குப் புதிய அடையாளக் கார்டையும் பிறப்புப் பத்திரத்தையும் கட்டணமின்றிக் கொடுத்தது. அந்த விவரங்கள் வேறோர் இடத்தில் இருந்ததால்தான் கொடுக்க முடிந்தது. கல்யாண ஆல்பத்துக்கு அப்படியொரு இலாகா கிடையாது.

தமிழருக்கு இது புதிய அனுபவமும் அல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. பிற இடங்களில் படி இருந்தவற்றை மீண்டும் சேர்க்க முடிந்தது. ஒற்றைப் படியாக இருந்த ஏடுகளை எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியவில்லை.

ஆகவேதான் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அவற்றில் ஒன்று வெளியிடத்தில் என்ற கணக்கை வல்லுநர்கள் சொல்கிறார்கள். வெளியிடம் இணையச் சேமிப்பாக இருக்கலாம். ஆனால் கைப்பேசியில் அழித்தால் அங்கேயும் அழியும் ஏற்பாடுகள் உண்டு, அவற்றைக் காப்பு என்று நம்பக்கூடாது. வன்தட்டை எப்போதும் செருகியே வைப்பதும் ஆபத்து. 2017 மே மாதம் சுமார் 150 நாடுகளைத் தாக்கிய 'வன்னாகிரை' போன்ற பணம் பறிக்கும் நிரல்கள், செருகியிருக்கும் தட்டையும் சேர்த்தே பூட்டிவிடும்.

தமிழ்க் கோப்புகளுக்கு மட்டும் இன்னொரு சோதனை. ஒருங்குறி பரவுவதற்கு முன்பு இங்கே கோயில் மலர்களும் பள்ளி மலர்களும் திஸ்கி முதலிய பழைய குறியீடுகளில், அவற்றுக்கே உரிய எழுத்துருக்களில் தட்டச்சானவை. கோப்பைப் பத்திரமாகக் காத்து இருபது ஆண்டு கழித்துத் திறந்தால் திரையில் வருவது தமிழல்ல, புரியாத குறிகள். எழுத்துருவையும் சேர்த்துப் படியெடுத்தவர்கள் தப்பினார்கள். மற்றவர்கள் குறியீடு மாற்றும் செயலியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சில குடும்பங்கள் எளிய வழி ஒன்றைக் கையாள்கின்றன. பெஸ்தாரி ஜெயாவில் இருக்கும் பெற்றோரிடம் ஒரு வன்தட்டு, கிள்ளானிலோ ரவாங்கிலோ இருக்கும் மகளிடம் ஒன்று. தீபாவளிக்கு வரும்போது இரண்டையும் மாற்றிக்கொள்கிறார்கள். பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் பழைய தட்டிலிருந்து இரண்டு மூன்று படங்களைத் திறந்து, தெரிகிறதா என்று பார்த்த பிறகே புதியது பைக்குள் போகிறது.