நண்பகல் உணவும் ஆலை மணியும்

வீடும் தொழிலிடமும் ஒரே கூரையின்கீழ் அமைந்திருந்த காலத்தில், வேலை நேரத்தில் வீட்டின் சுகத்தைத் தேட வேண்டிய தேவை எழவில்லை. நெசவாளியின் தறி வீட்டுத் திண்ணையிலோ நடுக்கூடத்திலோ இருந்தது. குயவரின் சக்கரம் வாசலில் சுழன்றது. கழனியில் உழைத்தவர்க்கு உச்சிப் பொழுதில் கஞ்சிக் கலயம் வரப்பு வழியே வந்து சேர்ந்தது. அவ்வாழ்வு இன்பமயமானது என்று கூறுவதற்கில்லை; வறுமையும் சாதிக் கொடுமையும் அதனுள் நிறைந்திருந்தன. எனினும், பசித்தபோது உண்ணவும், அழும் குழந்தையை எடுத்து அணைக்கவும் பிறரிடம் அனுமதி பெற வேண்டிய நிலை நெசவாளிக்கோ குயவருக்கோ இருக்கவில்லை. ஆலைத் தொழில் பிறந்தபோதுதான் அந்த நிலை தோன்றியது.

பம்பாயில் 1854ஆம் ஆண்டு முதல் பஞ்சாலை நிறுவப்பட்டது. சென்னைப் பெரம்பூர்ப் பகுதியில் 1876இல் பக்கிங்காம் ஆலையும், 1881இல் கர்நாடிக் ஆலையும் எழுந்தன. சூரியனைப் பார்த்துப் பொழுதறிந்த மக்கள் ஆலைச் சங்கின் ஒலிக்கு ஓடத் தொடங்கினர். 1881ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைத் தொழிலாளரையே முதன்மையாகக் கருத்தில் கொண்டது; வயது வந்தோர் எத்தனை மணி நேரம் உழைப்பது, எப்போது உண்பது என்பது பற்றி அது வாய் திறக்கவில்லை. 1891ஆம் ஆண்டுச் சட்டம்தான் நண்பகலில் அரை மணி நேரம் ஆலை ஓய்வு கொள்ள வேண்டும் என்று விதித்தது. அந்த அரை மணி நேரமே நெடுங்காலம் தொழிலாளியின் பகல் உணவுக்கு வாய்த்த எல்லையாயிற்று.

அரை மணி என்பது ஏட்டில் பார்க்கையில் போதுமானதாகவே தோன்றும். ஆயின் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இயந்திரத்தை விட்டு வெளியேறி, கை கழுவி, வீட்டிலிருந்து வந்த சோற்றைத் தேடிப் பெற்று, அமர ஓரிடம் கண்டு உண்டு, மணி அடிக்குமுன் மீண்டும் தறியருகே நிற்க வேண்டும். இந்த நெருக்கடிதான் இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் அத்தியாயங்களுள் ஒன்றுக்கு வித்திட்டது என்பது பலரும் அறியாத செய்தி.

1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் இராமாநுசலு நாயுடுவும் அதற்கு அடிகோலினர், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி. கலியாணசுந்தரனார் துணைத் தலைவர்களுள் ஒருவராக விளங்கினார். குறைந்த கூலி, மேற்பார்வையாளரின் முரட்டு நடத்தை ஆகியவற்றோடு உணவு இடைவேளையின் குறுக்கமும் தொழிலாளரின் பெருங்குறையாக இருந்தது. வாடியா முதலில் கையிலெடுத்த குறைகளுள் அதுவும் ஒன்று. சங்கத்தின் தொடக்கக் கால முயற்சியின் பயனாக முப்பது நிமிட இடைவேளை நாற்பது நிமிடமாயிற்று.

பத்து நிமிடம் ஒரு பெரும் வெற்றியா என்று இன்று கேட்கத் தோன்றலாம். கூலி உயர்வைப் போல அதனைக் காசாக எண்ண இயலாது. ஆயினும் சோற்றை விழுங்குவதற்கும் உண்பதற்கும் உள்ள வேறுபாடு அந்தப் பத்து நிமிடத்தில் அடங்கியிருந்தது. மேலும், தம் நேரத்தின் ஒரு பகுதியைப் பேசிப் பெறலாம் என்ற உண்மையைத் தொழிலாளர் முதன்முதலாகக் கண்டனர். பின்னர் கதவடைப்புகளும் வழக்கும் தொடர்ந்தன. சங்கத் தலைவர்மீது உயர்நீதிமன்றத் தடையாணை பெறப்பட்டது. அவ்வழக்கு எழுப்பிய கேள்வியே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்திற்கு வழிகோலிய காரணங்களுள் ஒன்றாயிற்று. இதற்கிடையே 1922ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வேலை நேரத்தைக் குறைத்து, ஓய்வு நேரத்தைப் பொதுவில் ஒரு மணியாக வகுத்தது.

உண்ண நேரம் கிடைத்தாற் போதுமா? உணவும் வர வேண்டுமே. இதற்கு விடை கண்டது பம்பாய் நகரம். இருப்புப் பாதையின் வழியே நகரம் வடக்கு நோக்கி நீண்டது. அலுவலகங்களோ தென்முனையில் குவிந்தன. காலையில் நெடுந்தொலைவு பயணம் செய்தவர் நண்பகலில் வீடு திரும்ப இயலாது. வெவ்வேறு சாதியும் சமயமும் வெவ்வேறு சமையல் முறையும் கொண்ட மக்களுக்கு வெளியிடத்து உணவு ஏற்புடையதாகவும் இல்லை. 1890ஆம் ஆண்டில் மகாதேவ் ஹாவாஜி பச்சே என்பவர் ஏறத்தாழ நூறு பேரைக் கொண்டு வீட்டுச் சோற்றை அலுவலகத்திற்குக் கொண்டு சேர்க்கும் தொழிலைத் தொடங்கினார். இவர்களே டப்பாவாலாக்கள் எனப்படுவோர். இவர்களுட் பெரும்பாலோர் புணே மாவட்டத்து மாவள் முதலிய மலைப்பகுதிகளிலிருந்து வந்தவர்கள்.

அவர்களது முறை எளிமையானது. எளிமையே அதன் வலிமை. முற்பகலில் ஒருவர் வீடுதோறும் சென்று சோற்றுப் பெட்டிகளைத் திரட்டுவார். அவை நிலையத்தில் சேருமிடம் நோக்கிப் பிரிக்கப்பட்டு, நீண்ட மரத் தட்டுகளில் அடுக்கப்பட்டு, மின்சார இரயிலில் ஏறும். இறங்கும் நிலையத்தில் மீண்டும் பிரிக்கப்பட்டு, வேறொருவர் கையால் உரிய மாடியை அடையும். பிற்பகலில் வெறும் பெட்டி அதே வழியே வீடு திரும்பும். பெட்டியின் மூடியில் தீட்டிய வண்ணமும் சில எழுத்துகளும் எண்களுமே முகவரி. பள்ளிப் படிப்பு மிகுதியாகப் பெறாதவரும் படித்தறியுமாறு அக்குறிகள் அமைந்தன. 2020ஆம் ஆண்டிற்கு முன்னர் ஏறத்தாழ 5,000 பேர் நாளொன்றுக்குச் சுமார் 2 இலட்சம் பெட்டிகளைச் சுமந்ததாகக் கணக்கிடப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில் பெருந்தொற்றால் இரயில்கள் நின்றபோது இத்தொழிலும் நின்றது. வீடே அலுவலகமாகிவிட்ட பலருக்குப் பெட்டி தேவையற்றதாயிற்று. சுமந்தவர்களோ பிழைப்பிழந்து தம் ஊர்களுக்குத் திரும்பினர்.

நகரத்தில் வீடே இல்லாதவர் நிலை என்ன? பம்பாய்ப் பஞ்சாலைகளில் உழைத்தோருட் பலர் கொங்கணத்தில் குடும்பத்தை விட்டுவிட்டுத் தனியே வந்தவர்கள். அவர்களுக்கு ஆலைப் பகுதிப் பெண்கள் தம் ஒற்றை அறையில் சமைத்து, மாதக் கணக்கில் சோறிட்டனர். ‘கானாவள்’ என்று பெயர் பெற்ற இவ்வீட்டு உணவகங்களே அத்தொழிலாளருக்கு வீடாயின. மளிகைக் கடனும் வட்டியும் இப்பெண்களை நசுக்கிய நிலையில், 1975ஆம் ஆண்டு பிரேமா புரவ் என்பவர் அன்னபூர்ணா மகிளா மண்டலம் என்னும் அமைப்பை நிறுவி, அவர்களை ஒன்றுதிரட்டி வங்கிக் கடன் பெற வழிசெய்தார். அதுவரை ‘வீட்டு வேலை’ என்று ஒதுக்கப்பட்டது தொழிலென ஏற்கப்பட்டது.

வீட்டுச் சுகம் என்பது சோறு மட்டுமன்று. குழந்தையைப் பிரிந்து வேலை செய்யும் தாய்க்கு அக்குழந்தை அருகிலிருப்பதே முதற்சுகம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேற்பட்டோர் உழைக்கும் ஆலைகளில் உணவகத்தையும், 150 பேருக்கு மேற்பட்டோர் உழைக்கும் இடங்களில் ஓய்வறையையும் உணவறையையும், 50 பெண்களுக்கு மேற்பட்டோர் உழைக்கும் இடங்களில் ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கான காப்பகத்தையும் வேண்டியது. தாய்மார் இடையிடையே பாலூட்டுவதற்கும் அது இடம் தந்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களின் எண்ணிக்கையை 30 ஆகக் குறைத்தது. ஆயின் ஆலைச் சுவருக்கு வெளியே சட்டத்தின் கை நீளவில்லை. கட்டடப் பணியில் மண் சுமந்த பெண்களின் குழந்தைகள் புழுதியிலும் கற்குவியலிடையேயும் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன், 1969ஆம் ஆண்டு தில்லியில் கட்டடப் பணியிடம் ஒன்றில் கூடாரம் அமைத்து நடமாடும் குழந்தைக் காப்பகத்தைத் தொடங்கினார். பணி முடிந்து தொழிலாளர் இடம்பெயர்ந்தால் காப்பகமும் உடன் பெயரும்.

இவ்வரலாற்றை ஒருசேர நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். வேலை நேரத்தில் ஒருவர் துய்க்கும் வீட்டுச் சுகத்தின் பின்னே வேறொருவரின் வேலை நேரம் மறைந்துள்ளது. அலுவலகத்தில் ஒருவர் பெட்டியைத் திறக்கும்போது எழும் மணத்திற்காக ஒரு பெண் விடியுமுன் அடுப்பு மூட்டியிருக்கிறாள். ஒரு மலைநாட்டு மனிதர் தலைச்சுமையோடு படியேறியிருக்கிறார். அவர்கள் தம் பகலுணவை எப்போது, எங்கே உண்டனர் என்று எழுதி வைத்தோர் அரியர். ஆலை மணிக்கும் சட்டத்திற்கும் ஏடுகளில் இடமுண்டு. அடுப்படிக்கு அவ்விடம் இன்னும் முழுமையாக வழங்கப்படவில்லை. பெரம்பூர்த் தொழிலாளர் 1918இல் கேட்டுப் பெற்ற பத்து நிமிடத்தைப் போல, சமைப்பவரும் சுமப்பவரும் அமர்ந்து உண்ணும் நேரமும் கணக்கில் வரும் நாளில்தான் இவ்வரலாறு நிறைவுறும்.